ஒப்புட்டு ஞாயிறுகள்

மயிலாத்தாக்காவைப் பற்றி சிங்காநல்லூரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தங்கமான மனுஷி, வந்தவர்களை வயிறு வாட விடமாட்டார், அவர் வீட்டு வாசலில் செருப்பு நிறையாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது என்பார்கள். எல்லாம் நிஜம்தான். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. என்னைக் கேட்டால் கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன், அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. விடு கலாமணி, அது நடந்து நாலு வருஷமாச்சு என்று வாயை அடைத்துவிடுவார்கள். நாலு வருஷமானால் என்ன, நாற்பது வருஷமானால் என்ன? எனக்கு ஆறவில்லை.

அக்காவுக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். தென்னந்தோப்புக்குள் வீடு. எட்டாவது வரை படித்தார். பதினெட்டு வயதில் சென்னிமலை அண்ணனைக் கட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு வந்தார். அண்ணன் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார், அந்த ஒன்றையும் யோசித்துத்தான் பேசுவார். அக்கா அதற்கு நேர்மாறு. கொத்தமல்லி விற்க வந்தவளை உட்கார வைத்து அவள் மாமியார் வரைக்கும் விசாரித்துவிடுவார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன மரியாதை என்று தெரியுமே. கல்யாணம், வளைகாப்பு என்றால் பத்திரிகை வரும், போனால் இலை போடுவார்கள். சீர் செய்கிற நேரம் வந்ததும் யாராவது நைசாக, "மயிலா, நீ சித்தே சமையக்கட்டைப் பாரு" என்பார்கள். அக்கா பத்து வருஷம் அப்படி ஊரார் சமையல்கட்டுகளைப் பார்த்தார். பிறகு போவதையே நிறுத்தினார். என்னை முன்னால் நிறுத்தாத வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும், எல்லாரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்ததாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அவர் மேல் அவ்வளவு பிரியம் வைத்தேன்.

கேரம் போர்டு வந்தது தொண்ணூற்றொன்றில். அண்ணனின் மில் மூடுவதும் திறப்பதுமாக இருந்த சமயம். தொழிலாளர்களின் மனமகிழ் மன்றத்தை முதலில் காலி செய்தார்கள். அங்கே கிடந்த பெரிய போர்டை அண்ணன் கேட்டு வாங்கி, சைக்கிளில் நிறுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே வீடு வரை தள்ளி வந்தார். அக்கா அதற்கு முக்காலி செய்யச் சொன்னார், மேலே தொங்குகிற மாதிரி பல்பு மாட்டச் சொன்னார். போரிக் பவுடரைப் பழைய முகப்பவுடர் டப்பாவில் கொட்டி வைத்தார். குழந்தைகளுக்குப் பரமபதம், லூடோ. பெண்களுக்குத் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் ஆறு மணி வரைக்கும் வீடு கலகலவென்று இருக்கும். கேபிள் டிவி வந்து ஒவ்வொரு வீடும் தன் கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. அக்கா வீட்டில் மட்டும் இருபது பேர் உட்கார்ந்திருப்போம்.

சில சட்டங்கள் வைத்திருந்தார். பந்தயம் கூடாது. புருஷன் பெண்டாட்டி ஒரே கட்சியில் ஆடக்கூடாது, வீட்டுக்குப் போய்ச் சண்டை வரும். சின்னவர்களுக்காகப் பெரியவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது, தோற்றால்தான் கற்றுக்கொள்வார்கள். இந்தக் கடைசிச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மட்டும் ஆடமாட்டார். ஸ்ட்ரைக்கரைத் தொட்டுக்கூட நான் பார்த்ததில்லை. சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்து வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டே எங்களைப் பார்ப்பார். காயின்களைப் பார்க்கமாட்டார், மூஞ்சிகளைத்தான் பார்ப்பார். ஒரு மணி நேரம் ஆடவிட்டால் ஒருத்தன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன் என்பார். சொல்லியும் இருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் அளந்து அளந்து அடிக்கிற தினுசைப் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் பொண்டாட்டிக்கு ஒரு சேலை எடுக்க ஒரு வருஷம் யோசிப்பார் என்றார். விசாரித்தால் அப்படித்தான் இருந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அதே கண் என் மேலும் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

இனி என் கதை. எங்கள் அப்பா ஈஸ்வரமூர்த்தி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருந்தார். அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலைக்குப் போனேன். நாள் முழுக்கச் செம்புக் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றிய விரல். கேரம் எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? ஆறே மாதத்தில் அக்கா வீட்டுக்கு வருகிற பெண்களில் என்னை அடிக்க ஆள் இல்லை. ஆண்களில் யாகூப் அண்ணன் ஒருத்தர்தான் எனக்குச் சமம். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். அவர் மனைவி ஜாஹிதா என்னோடு படித்தவள், என் கட்சிக்காரி, என் உயிர்த் தோழி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சியில் ஆடக்கூடாது என்பதால் அவள் எப்போதும் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னோடு சேர்ந்து ஆடுவாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் யாகூப் அண்ணனும் சென்னிமலை அண்ணனும் மூச்சுவிட முடியாது.

எனக்கு இருபத்திமூன்று வயதானபோது பெண் பார்க்க வந்தார்கள். முதலில் காங்கேயத்துக்காரர்கள். தட்டத்தில் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுபோய் வைத்தேன். கேட் வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னார்கள், கால் ஊனமா என்று பார்க்க. நடந்தேன். அடுத்தது பல்லடத்துக்காரர்கள். பையனின் அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு பின்னலைக் கையில் பிடித்து ஒரு இழு இழுத்தாள், சவுரியா சொந்த முடியா என்று பார்க்க. நான் தட்டத்தைக் கீழே போட்டேன். போட்டது போட்டதுதான், எடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன், இனி இந்த ஜென்மத்தில் எவன் முன்னாலும் தட்டம் தூக்கிக்கொண்டு வந்து நிற்கமாட்டேன், கல்யாணமே ஆகாவிட்டாலும் சரி. அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் அழுதிருப்பேன். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள் அக்கா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தப் பல்லடத்துக்காரி இழுத்த பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டார்.

"அழுவாத கண்ணு. இந்த ஊட்டுக்குள்ள வந்துட்டா நீ வெறும் ஆட்டக்காரிதான். இங்க உன்னைய ஒருத்தரும் பொண்ணுன்னு பாக்கமாட்டாங்க. இது என்ற வாக்கு."

அந்த வாக்கை நான் நம்பினேன். அந்த ஒரு வீட்டில்தான், வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான், என்னை யாரும் எடைபோடவில்லை என்று நம்பினேன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஒரு வருஷம். தொண்ணூற்று நாலு தையிலிருந்து அடுத்த தை வரை. அக்கா வீட்டுக்குப் புது ஆட்கள் வருவது சகஜம். சித்தப்பா வழிச் சொந்தம், அண்ணனோடு வேலை பார்த்தவர் குடும்பம் என்று கோபி, தாராபுரம், பொள்ளாச்சியிலிருந்து யாராவது வருவார்கள், சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள், போவார்கள். அந்த மாதிரி வெளியூர்க்காரர்கள் வருகிற நாட்களில் நிலக்கடலை இருக்காது. அக்கா ஒப்புட்டு சுடுவார், மற்ற ஊர்களில் போளி என்பார்களே, அது. கடலைப் பருப்பும் வெல்லமும் ஏலக்காயும் நெய்யுமாக வாசம் தெருமுனை வரை வரும். விருந்தாளிகளுக்குத்தானே என்று நானும் இரண்டு சேர்த்துத் தின்றேன். வெட்கம் கெட்டவள், நெய் ஒழுகத் தின்றேன்.

ஒப்புட்டு நாட்களில் இன்னும் இரண்டு விஷயம் நடக்கும். அக்கா என்னை ஜன்னலுக்கும் அதன் கீழே கிடக்கிற சோபாவுக்கும் நேர் எதிரே உட்கார வைப்பார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பார். இன்னொன்று, நான் தோற்பேன். எப்படித் தோற்றேன் என்று எனக்கே புரியாது. நான் சிவப்புக் காயினைப் போட்டுவிட்டு, அதற்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவைத் தவறவிட்டேன் என்றால் அது என் தப்பு. ஆனால் ஜாஹிதா, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே விழுகிற, குழி வாசலில் நிற்கிற காயினைத் தவறவிடுவாள். கை வழுக்கிருச்சு என்பாள். ஒரு தடவை ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளி ஃபைன் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கா வீட்டு மானம் இருக்கிறது. அதனால் சிரிப்பேன். அடுத்த போர்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரிப்பேன். அடுத்த போர்டும் தோற்பேன். மறுபடி சிரிப்பேன்.

அந்த நாட்களில் அக்கா என்னை ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்து வரச் சொல்லமாட்டார். நானாக எழுந்தாலும் உட்காரு கண்ணு என்று தோளை அமுக்கிவிட்டு, தட்டத்தைத் தானே தூக்கி வருவார். என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

நாலாவதாக வந்தது உடுமலைக்காரர்கள். அக்காவின் சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் நான் சந்தேகப்படவே இல்லை. சின்னத்தாயி என்று ஒரு அம்மா, அவர் மகன் திருமூர்த்தி, கூட ஒரு பெரியவர். வழக்கம்போல் ஒப்புட்டு, வழக்கம்போல் ஜன்னலுக்கு எதிரே, வழக்கம்போல் இரண்டு போர்டு தோற்றேன், சிரித்தேன். ஆறு மணிக்கு அவர்கள் கிளம்பும்போது நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சின்னத்தாயி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாட்டி தோத்தும் மூஞ்சி சுண்டலையே அம்மணி. அந்தப் பொறுமைதான் எங்களுக்கு வேணும். முன்னால வந்து பாத்துட்டுப் போன பொள்ளாச்சிக்காரங்க வேண்டாம்னாங்களாமா. அவங்களுக்குக் குடுத்து வெக்கல. அடுத்த ஞாயித்துக்கிழம பூவோட வாரமுங்க."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். வந்தவர்களின் மூஞ்சியை மட்டுமே பார்த்துப் பழகிய அக்கா, அந்த நேரம் தரையைப் பார்த்தார். அப்போது புரிந்தது. கோபிக்காரர்கள், தாராபுரத்துக்காரர்கள், பொள்ளாச்சிக்காரர்கள், எல்லாரும் எதற்கு வந்தார்கள் என்று புரிந்தது. மூன்று குடும்பம் என்னை வந்து பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. என்னை வேண்டாம் என்று சொன்னதே எனக்குத் தெரியாது. நான் ஒப்புட்டு தின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தெரியாமல் பெண் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை என்று நீங்கள் சொல்லலாம். கோயிலில் பார்ப்பார்கள், கல்யாண மண்டபத்தில் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாப்பில் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதெல்லாம் தெருவில் போகிறவன் கண். நான் நம்பி உட்கார்ந்த வீட்டில், வாக்குக் கொடுத்தவரே விளக்கைப் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து மூன்று மணி நேரம் காட்டியிருக்கிறார். அது எந்த ஊர் வழக்கம்?

வீட்டுக்குப் போனால் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அந்த நேரத்துக்கு அவர் மில்லைக் கழுவிக்கொண்டிருப்பார். என்னாச்சு என்று கேட்கக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்து நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தேடினார். உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். அப்பா எழுந்து நின்றார்.

"தட்டம் தூக்கமாட்டேன்னு சொன்னே. நாங்க தூக்க வெக்கலையே அம்மணி."

வக்கீலே தோற்றுப்போகிற வாதம். என்னைத் தண்ணீர்கூட எடுக்கவிடாமல் அக்கா தோளை அமுக்கியது இதற்குத்தான். என் சபதத்தை உடைக்கவே இல்லையாம், தட்டம் என் கையில் இல்லையாம். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் என்னைத்தான் தப்பாக நினைப்பீர்கள்.

மறுநாள் கம்பெனி விட்டதும் நேராக ஜாஹிதா வீட்டுக்குப் போனேன். அவள் தன் மகள் உஸ்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினாள். கை வழுக்கியதா, வழுக்கவைத்தாயா என்று ஒரே கேள்விதான் கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அக்காதான் சொன்னாராம். ஜெயித்தால் எந்தப் பெண்ணும் சிரிப்பாள், தோற்றாலும் சிரிக்கிற புள்ளையென்று வந்தவர்கள் பார்க்கட்டும் என்றாராம். யாகூப் அண்ணனுக்குத் தெரியும், சென்னிமலை அண்ணனுக்குத் தெரியும், தாயம் ஆடுகிற பெண்களுக்கெல்லாம் தெரியும். ஒப்புட்டு வாசம் வந்தால் என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீ நல்லா இருக்கோணும்னுதான் செஞ்சேன், கலா" என்று ஜாஹிதா அழுதாள்.

எல்லாரும் நான் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள். அதை என்னிடம் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பெண் பார்த்ததைக்கூட ஒரு நாள் பொறுத்துப் போயிருப்பேன். ஆட்டத்தை ஏன் தொட்டார்கள்? நான் தோற்ற ஒவ்வொரு போர்டுக்கும் ராத்திரி படுத்து, எந்த அடியில் தப்பு செய்தேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் கம்பி சுற்றும்போதுகூட விரலை மடக்கி மடக்கிப் பழகியிருக்கிறேன். என்னை வைத்து அவர்கள் ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், நானும் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோறு பிசைந்த கையோடு அவள் அழுதாள். நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை எதிர்பார்த்துத்தான் இருந்தார். ஒளியவில்லை, மழுப்பவில்லை. காப்பி கலந்து வைத்தார், நான் தொடவில்லை. அவர் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். தட்டம் தூக்கி நிற்கும்போது ஒரு பெண்ணின் குணம் யாருக்கும் தெரியாது, விளையாடும்போதுதான் தெரியும், நாலு வருஷமாக இந்த போர்டைச் சுற்றி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், உன் குணம் எனக்குத் தெரியும், அதைத்தான் நாலு பேருக்குக் காட்டினேன் என்றார். முன்கூட்டிச் சொன்னால் நீ வரமாட்டாய், வந்தாலும் முகம் இறுகிவிடும் என்றார். அம்மா இல்லாத பெண்ணுக்கு வேறு யார் செய்வார்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"உங்களுக்கும் ரெண்டு கண்ணு இருந்துதே அம்மணி. எதுத்தாப்புலதான உக்காந்திருந்தாங்க. நீங்களும் பாத்திருக்கலாமே" என்றார் கடைசியில். என்மேல் கோபம் வந்தால் அக்கா மரியாதை கொடுத்துத்தான் பேச ஆரம்பிப்பார்.

"சொல்லியிருந்தாத் தானுங்கக்கா பாப்பேன். அவங்க என்னையப் பாத்தாங்க. நான் காயினைப் பாத்துட்டு இருந்தனுங்க."

அந்தத் திருமூர்த்தி எப்படி இருந்தார் என்று என்னை இன்று கேட்டால்கூட, கையில் வாட்ச் கட்டியிருந்தார் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியாது. நல்ல மனுஷனாகவும் இருந்திருக்கலாம். பிறகு அக்கா குரலை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூவோடு வருகிறார்கள், வேண்டாம் என்றால் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், வந்தவர்கள் முன்னால் என் வீட்டு மானத்தை மட்டும் காப்பாற்று என்று என் கையைப் பிடித்தார். வருகிறேன் என்றேன். அன்று நானும் ஒன்று கேட்பேன், மாட்டேன் என்று சொல்லக்கூடாது என்றேன். சரி என்றார். என்ன என்று கேட்கவில்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. திருமூர்த்தியை நான் கட்டவில்லை. இரண்டு வருஷம் கழித்து, போத்தனூர் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, பிடித்துப்போய்த்தான் என் வீட்டுக்காரரைக் கட்டினேன். இப்போது போத்தனூரில்தான் குடியிருக்கிறேன். அப்பாவிடம் பேசுகிறேன். ஜாஹிதாவோடும் பேசுகிறேன், முன்பு மாதிரி இல்லை. அக்கா வீட்டில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிறது என்று கேள்வி. நான் போவதில்லை. கடைசியாகப் போனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று வீடு நிறைய ஆள். தெருமுனையிலேயே ஒப்புட்டு வாசம் வந்தது. சின்னத்தாயி அம்மா பட்டுச்சேலையில் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார், மடியில் இலையில் சுற்றிய மல்லிகை. அப்பாவும் முதல் தடவையாக அங்கே வந்து ஓரமாக நின்றார். யாகூப் அண்ணன் என் கண்ணில் படாமல் பவுடர் தூவிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு எதிரே என் இடம் காலியாக இருந்தது. நான் அதற்கு எதிர்ப்பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போய் உட்கார்ந்தேன். எதிரே உட்கார வந்த ஜாஹிதாவைக் கையை நீட்டி நிறுத்தினேன்.

"அக்கா, நீங்க வாங்க. இன்னைக்கு நாம ரெண்டு பேரு மட்டும் ஆடலாமுங்க. நான் கேக்கறதா இருந்தது இதுதானுங்க."

அக்கா சிரித்தபடி, எனக்கு எங்கே கண்ணு ஆடத் தெரியும் என்று அடுப்படிப் பக்கம் திரும்பினார். நான் நகரவில்லை. சின்னத்தாயி அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ஆடுங்க மயிலா, நாங்களும் பார்க்கிறோம் என்றார். விருந்தாளி கேட்டு, வீட்டுக்காரி மறுப்பதா? அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

உப்புக் கிள்ளுகிற மாதிரி ஸ்ட்ரைக்கரைப் பிடித்தார். முதல் அடி காயின் கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. நான் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுந்துகொண்டே இருந்தது. அவர் முறை வந்தது. விரலைச் சுண்டினார், நகம் பலகையில் பட்டு வலித்ததில் உதட்டைக் கடித்தார். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா அடக்கினாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. சிவப்பைப் போட்டேன், ஃபாலோ போட்டேன், போர்டையே காலி செய்தேன். இன்னொன்று என்றேன். அதையும் அப்படியே ஆடினேன். ஒரு காயின் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வீட்டுச் சட்டமே அதுதானே.

மூன்றாவது போர்டில் தாயம் ஆடியவர்கள் எழுந்து வந்து நின்றார்கள். லூடோ குழந்தைகள் நின்றன. சோபாவிலிருந்து மூன்று பேரும் பார்த்தார்கள். சென்னிமலை அண்ணன், கலா, போதும் அம்மணி என்றார். அவருடைய ஒரு வார்த்தை அது. நான் கடைசிக் கறுப்பையும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவும் அக்காவின் முகத்தில் விழுந்தது. நெற்றியில் வியர்த்து, குங்குமம் கரைந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கூப்பிட்டுச் சமையல்கட்டைப் பார்க்கச் சொல்லக்கூடாதா என்று அவருக்கு அன்று தோன்றியிருக்கும்.

"சிரிங்கக்கா" என்றேன். "தோத்தாலும் சிரிக்கோணுமுங்க. பாக்கறாங்க."

அக்கா நிமிர்ந்து சிரித்தார். ஒரு வருஷமாக அந்த சோபாவில் உட்கார்ந்தவர்கள் என் முகத்தில் எதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.